பாட்டாகிப்போன அழுகை

அஜின்கோர்ட்,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஜதுர்சனுக்கு,

லண்டனில் நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் அம்மாவைக் கடையில் கண்டபோது சொன்னா. நானும் இருக்கிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். ஆனாலும் வேறு ஆளிடம் கொடுக்காமல், எழுத்துக்கூட்டி என்றாலும் நீயே வாசி. வருகிற மாதம் நீ செய்யப்போகிற நிகழ்ச்சியில் அந்தப் பாட்டைப் பாடவேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். விளம்பரத்தில் "அபிஷன் நினைவாக" என்று என் மகனின் படத்தையும் போட்டிருக்கிறாய். பார்த்தேன்.

நீங்கள் மூன்று பேரும் எங்கள் பேஸ்மென்றில் தொடங்கியது நேற்றுப்போல இருக்கிறது. கீபோட்டும் ட்ரம் மெஷினுமாக, இதுதான் நியூ வேவ் என்று அபிஷன் எனக்கு விளங்கப்படுத்தினான். எனக்கு அது கிரைண்டர் ஓடுகிற சத்தமாகத்தான் கேட்டது. பாடுகிற நீ எப்போதும் பசியோடு வருவாய். கிற்றார் வாசிக்கிற நிலக்சி மட்டும் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். "நிலவறை" என்று பெயர் வைத்துக்கொண்டு, கலியாணவீடுகளுக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டோம் என்று பெரிய எடுப்பு எடுத்தீர்கள். பிறகு மொன்றியல், பாரிஸ் என்று சனம் உங்களைத் தேடிக் கூப்பிட்டது. எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

எல்லாம் அந்த ஒரு பாட்டால் வந்தது. கொரோனா நேரம் என் தங்கச்சி அருள்மலர் ஊரில் செத்தபோது எனக்குப் போக வழியில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, போனில் செத்தவீட்டைப் பார்த்தபடி ஒப்பாரி வைத்து அழுதேன். அபிஷன் படியில் இருந்து அதைப் பதிந்திருக்கிறான். அதை நீங்கள் வெட்டி ஒட்டி, தாளம் சேர்த்து, நடுவில் உன் குரலை விட்டீர்கள். ஸ்காபரோ மண்டபத்தில்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். "என்ர தங்கச்சி, என்ர தங்கச்சி" என்று என் குரல் கத்த, பிள்ளைகள் கையைத் தூக்கித் துள்ளினார்கள்.

செத்தவளை வைத்தோ ஆடுகிறீர்கள் என்று வீட்டுக்கு வந்து அவனை நல்லாய் ஏசினேன். அவன் அழுதான். அந்தப் பகுதியை எடுத்துவிடுவோம் என்று உன்னிடம் கேட்டான். நீயோ, "உதை எடுத்தா பாட்டில பிறகு என்னடா இருக்கு?" என்று சொன்னாயாம். நிலக்சி அவன் பக்கம் நின்றாள். சண்டை முற்றி, குழுவின் பெயரையும் பாட்டையும் நீ கொண்டுபோய்விட்டாய். அவன் கீபோட்டைத் துணியால் மூடிவிட்டு, மிசிசாகாவில் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலைக்குப் போனான். மார்கழியில் வேலை முடிந்து வரும்போது 401 நெடுஞ்சாலையில் பனியில் கார் வழுக்கிவிட்டது. அந்தப் பழியை நான் உன்மேல் போடவில்லை. பனிக்கு யார் என்ன செய்ய முடியும்?

நீ செத்தவீட்டுக்கு வரவில்லை, அதனால் அங்கே நடந்தது உனக்குத் தெரியாது. பெட்டியில் கிடந்தவனின் தலையைத் தடவி, "என்ர ராசா" என்று வாய்விட்டு அழத் தொடங்கினேன். பின்வரிசையில் இருந்த அவனுடைய சிநேகிதப் பிள்ளை ஒருவனின் கால் அந்தப் பாட்டின் தாளத்தைப் போட்டது. கெட்ட பிள்ளை இல்லை, தனக்கே தெரியாமல் போட்டிருப்பான். பக்கத்தில் இருந்தவளின் வாயும் என்னோடு சேர்ந்து அசைந்தது. நிலக்சி எழும்பிப் போய் அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. பெட்டியை மூடும்போதும், எரிக்கிற இடத்திலும் சும்மா நின்றேன். தாய்க்காரிக்குக் கல்நெஞ்சு என்று சனம் கதைத்ததாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. இன்னும் நான் அழவில்லை. வாயைத் திறந்தால் உங்கள் ட்ரம் மெஷின் காதில் அடிக்கிறது. நீங்கள் பாட்டாக்கியது எங்கள் அம்மா அழுத ராகம், எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். இப்போது அதை அவனுக்காகவே பாடப்போகிறேன் என்கிறாய். வேண்டாம் தம்பி. உனக்கு இன்னும் எத்தனையோ பாட்டு வரும், எனக்கு வேறு அழுகை வராது. நீ விட்டால் சனமும் மெல்ல மெல்ல மறந்துவிடும். அதற்குப் பிறகாவது என் பிள்ளைக்கு நான் அழவேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ இன்னும் பெரிய ஆளாக வரவேண்டும், அதை மனதாரச் சொல்கிறேன். உன் அம்மாவுக்கு இப்படி அழவேண்டிய நாள் ஒருக்காலும் வரக்கூடாது என்று கும்பிடுகிறேன்.

அபிஷனின் அம்மா,
புனிதவதி