ஏரியல் இல்லாமலும் பாடும்

3-10-1993, ஞாயிறு

பெயிண்ட் பட்டறையிலிருந்து நம் அம்பாசிடர் வந்துவிட்டது. பால் மாதிரி வெள்ளை. பின்கண்ணாடியில் ‘செண்பகவல்லி அம்மன் துணை’ என்று புதிதாக எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தேன். தப்பில்லை. அறுபத்தேழு வயதில் பெயிண்டர் வேலையைச் சரிபார்க்கும் ஆளாகிவிட்டேன்!

அப்புறம்தான் முன்பக்கம் போனேன். மட்கார்டில் ஏரியல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்டும் அடித்தாயிற்று. தடவிப் பார்த்தால் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

மகன் திருப்பதியிடம் கேட்டேன். “ஆவணிக் கல்யாணத்துல நடந்தது மறந்துபோச்சாப்பா?” என்றான். மறக்கவில்லை. பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்தில் காருக்குப் போட்ட மாலை ஏரியலில் மாட்டி அறுந்து ரோட்டில் விழுந்தது. அபசகுனம் என்று பெண் வீட்டார் எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அதனால் புரட்டாசியில் கல்யாண வாடகை இல்லாத நேரம் பார்த்து ஏரியலையே எடுத்துவிட்டான் என் மகன். ரேடியோ மட்டும் உள்ளே இருக்கிறது. போட்டால் ‘கர்’ என்கிறது. நான் வண்டி ஓட்டிய காலத்தில் தூத்துக்குடி போய் வாங்கி மாட்டிய ரேடியோ.

“நவம்பர் ஒண்ணாம் தேதி டேப் மாட்ட ஆள் வாரான். ரேடியோவைக் கழட்டிட்டு அந்த இடத்துல வச்சிருவோம்” என்றான்.

என்னைக் கேட்டானா? கேட்கவில்லை.

4-10-1993

இன்றும் கர்.

6-10-1993, புதன்

வானொலி நிலையத்துக்குக் கார்டு எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் கார்டு. ஞாயிறு காலை எட்டரைக்கு நேயர் கடிதம் வாசித்துப் பதில் சொல்கிறார்களே, அதற்கு. எழுதியதை இங்கும் பார்த்து எழுதி வைக்கிறேன்.

‘ஐயா, வணக்கம். நான் கோவில்பட்டி உச்சிமாகாளி. போன ஆடி மாதம்தான் அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தேன். என் மகன் கார் ஏரியலைக் கழற்றி ஓட்டையையும் அடைத்துவிட்டான். ஏரியல் வெளியே தெரியாமல் உங்கள் நிலையத்தைக் காரில் கேட்க என்ன செய்ய வேண்டும்? பதில் சொல்லவும்.’

வகுப்பு எடுக்கும் சுதாராணி பார்த்துவிட்டு, “ஒரு திருத்தமும் இல்ல தாத்தா, அப்படியே போடுங்க” என்றது. நானே பெட்டியில் போட்டேன். போட்டபின் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினேன், ஒட்டிக்கொண்டிருந்தால் விழட்டும் என்று.

கார் ஸ்டாண்டில் சொன்னேன். நந்தகோபால் சிரி சிரி என்று சிரித்தான். அவனும் அம்பாசிடர்தான் ஓட்டுகிறான்.

“அண்ணாச்சி, பதிலை எதுல சொல்லுவான்?”

“ரேடியோவுலதான்.”

“அதை எதுல கேப்பீரு?”

அதை நான் யோசிக்கவே இல்லை.

“டீக்கடை ரேடியோவுல வந்து கேட்டுக்கிடும்” என்றான். மாட்டேன் என்றேன். கேள்வி இந்தக் காரைப் பற்றியது. பதிலும் இந்தக் காருக்குள்தான் வந்து விழ வேண்டும். ஸ்டாண்டே கேட்கும்படி சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

வீட்டுக்கு வந்து திருப்பதியிடமும் சொன்னேன். “வெளிய ஒரு குச்சி தெரியக்கூடாது. வண்டி ஓட்டத்துல பாடணும். ஒண்ணாந்தேதிக்குள்ள பாடுச்சுன்னா ரேடியோ இருக்கட்டும். இல்லன்னா டேப்புதான்” என்றான்.

சரி என்றேன். கை வலிக்கிறது. இவ்வளவு நீளமாக இதுவரை எழுதியதில்லை.

10-10-1993, ஞாயிறு

செம்புக் கம்பி வாங்கி டிக்கிக்குள் மூன்று சுற்றுச் சுற்றினேன். கர் கூட இல்லை. செத்த அமைதி.

ரேடியோ ரிப்பேர்க் கடைப் பூவனநாதனிடம் போனேன். “டிக்கிக்குள்ளயா? நாலு பக்கமும் தகரம் அண்ணாச்சி. ஆளைப் பெட்டிக்குள்ள பூட்டிட்டு வெளிய யாரு வாரான்னு கேட்ட கதைதான்” என்றார். கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்தி, “அப்ப தகரத்துக்கு வெளிய எங்க ஒளிச்சு வைக்க?” என்று கேட்டேன். அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். “பம்பருக்கு அடியில பாருங்க. கம்பி இரும்புல படாம.”

கடிதம் இன்று வாசிக்கவில்லையாம். சுதாராணி வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொன்னது.

15-10-1993, வெள்ளி

பாடிவிட்டது!

சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி முன் பம்பருக்கு அடியில் கட்டி, அதன்மேல் கம்பியை இழுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. பிடிக்கட்டும். செய்தி வாசிப்பவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கிறது.

திருப்பதி குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். “வெளிய தெரியல” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் சொல்ல அவனிடம் என்ன இருக்கிறது?

17-10-1993, ஞாயிறு

எட்டரைக்குக் காரில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். என் கார்டு வரவில்லை. வரும்.

19-10-1993, செவ்வாய்

பசுவந்தனைக்கு ஒரு வாடகை. முன்போல் தூரப் பார்வை இல்லாததால் திருப்பதி ஓட்டுகிறான், நான் முன்சீட்டில். பாதி வழியில் இந்த வருடத்து முதல் மழை. திரும்பும்போது கரிசல் ஊறிப் பசையாகிவிட்டது. சக்கரம் ஒவ்வொன்றும் உரல் கனம். ஓணமாக்குளத்துக்குப் பிரியும் விலக்குத் தாண்டியதும் ரேடியோ ஊமை.

இறங்கிப் பார்த்தேன். பம்பருக்கு அடியில் கம்பி, டியூப், இரும்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அப்பாக அப்பியிருக்கிறது. ஈர மண் வழியாகக் கம்பி இரும்போடு சேர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் செருப்பைப் பிய்த்துப் பிய்த்து நடந்தவன் நான். ஐப்பசி மழைக்கு முன்னால் கம்பியைக் கொண்டுபோய் வண்டிக்கு அடியில் கட்டியிருக்கிறேன். வேறு ஊர்க்காரன் செய்தால் மன்னிக்கலாம்.

திருப்பதி சொன்னான்: “யப்பா, பங்குனி வரைக்கும் தினம் கழுவுவீங்களா?”

 குனிந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

21-10-1993, வியாழன்

பம்பர் வேண்டாம். தகரம் இல்லாத இடம் காரில் ஒன்றுதான் இருக்கிறது, கண்ணாடி. முன்கண்ணாடியின் ரப்பருக்குள் கம்பியைத் தேங்காய் ஈர்க்கு வைத்துத் தள்ளித் தள்ளி நுழைத்தேன். சுற்றிலும் போய்விட்டது. கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

ஆனால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இன்ஜினைப் போட்டால் அதுவும் இல்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ‘கீய்’ என்று ஏறுகிறது.

பூவனநாதன் வந்து டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தார். “எர்த் இல்ல அண்ணாச்சி. பெயிண்ட் பட்டறையில உள்ள வரைக்கும் அடிச்சுத் தள்ளிட்டான். ரேடியோ ஸ்க்ரூ பெயிண்டைத்தான் பிடிச்சிருக்கு, இரும்பைப் பிடிக்கல. சுரண்டணும். அந்தக் கீய் அடங்க டைனமோவுக்கு ஒரு கண்டன்சரும் போடணும். பம்பர்க் கம்பி நல்லா இழுத்ததால அப்ப இது தெரியல.”

புதுப் பெயிண்டைச் சுரண்டவா? மகன் என்ன சொல்வான்?

நான் ஏன் அவனிடம் கேட்க வேண்டும்? ஏரியலை எடுக்கும்போது அவன் என்னிடம் கேட்டானா?

23-10-1993, சனி

ஆயுத பூஜை. திருப்பதி வாழைக்கன்று வாங்கப் போன நேரத்தில் அரத்தை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் போனேன். எட்டணா அகலம் சுரண்டினேன். இரும்பு பளிச்சென்று வந்தது. ஸ்க்ரூவை முறுக்கினேன். கண்டன்சரும் மாட்டியாயிற்று. ரேடியோவின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது, லேசாகக் கேட்கும் நிலையத்தை வைத்துக்கொண்டு அதைத் திருகி எங்கே சத்தம் கூடுகிறதோ அங்கே நிறுத்தச் சொன்னார் பூவனநாதன். நிறுத்தினேன். இன்ஜினைப் போட்டு மிதித்தேன். பாடுகிறது! மிதிக்க மிதிக்கப் பாடுகிறது!

அந்தச் சந்தோஷத்தில் அரத்தை அவசரமாக எடுத்தேன், வழுக்கிவிட்டது. டேஷ்போர்டின் முகத்திலேயே இரண்டு அங்குலக் கீறல்.

வாசலில் திருப்பதி செருப்புச் சத்தம். சந்தனக் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. கீறல்மேல் நீளமாகச் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தேன். அவன் வந்து பார்த்துவிட்டு, “பொட்டு நல்லாருக்கு” என்றான்.

26-10-1993, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமையும் வாசிக்கவில்லை. இன்னும் ஒரு ஞாயிறுதான் இருக்கிறது. கார்டு போய்ச் சேர்ந்ததா?

மருமகள் உமாராணி காரைத் துடைக்கப் போனாள். நான் பின்னாலேயே போய், “அந்தப் பொட்டைத் துடைக்காத தாயி” என்றேன். அவள் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “மாமா, இது எந்தச் சாமிக்கு?” என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே போனாள். திருப்பதியிடம் சொல்லிவிடுவாள் என்று நின்றேன். புதிதாகச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து, உதிர்ந்த இடத்தில் பூசிவிட்டுப் போனாள்.

31-10-1993, ஞாயிறு

மெதுவாக எழுதப் போகிறேன். எதுவும் விட்டுப்போகக் கூடாது.

காலையில் மணியாச்சிக்கு ஒரு வாடகை, ரயிலுக்கு ஆள் இறக்க. எட்டரைக்குள் ஸ்டாண்டுக்குத் திரும்ப முடியாது என்று தெரியும். பரவாயில்லை, ஓட்டத்தில்தானே பாட வேண்டும் என்று மகன் சொன்னான், ஓட்டத்திலேயே பாடட்டும். திரும்பும் வழியில் போட்டேன். திருப்பதி ஓட்டினான். ரோட்டில் தண்ணீர், இரண்டு பக்கமும் ஈரக் கரிசல். மூன்று கடிதம் போயிற்று. நான்காவது:

“கோவில்பட்டியிலிருந்து உச்சிமாகாளி என்ற நேயர்...”

என் பெயர். என் காருக்குள். கடிதம் வாசிக்கும் அம்மா என் கார்டை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்கள். ஆடி மாதம் படித்தேன் என்பதையும் வாசித்து, பாராட்டுகள் என்றார்கள். திருப்பதி காரை ஓரமாக நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை.

பதில் வந்தது: “எங்கள் பொறியாளரிடம் கேட்டோம். காரின் உடல் இரும்பு என்பதால் வெளியே ஏரியல் இல்லாமல் நிகழ்ச்சிகளைத் தெளிவாகக் கேட்க வழியே இல்லை. தயவுசெய்து ஏரியலை மீண்டும் பொருத்திக்கொள்ளுங்கள்.”

ஒவ்வொரு சொல்லும் மணி மாதிரி தெளிவாக விழுந்தது.

திருப்பதி ரேடியோவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “யப்பா... கேக்க முடியாதுன்னு சொல்லுதாங்க.”

“ஆமாலே. நல்லாக் கேக்குது.”

அவனுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருமல் வேறு.

ஸ்டாண்டில் இறங்குவதற்குள் நந்தகோபால் ஓடி வந்தான். “அண்ணாச்சி, டீக்கடையில கேட்டோம்! வழியே இல்லன்னுட்டான்லா?”

“நானுந்தான் கேட்டேன்.”

“நீரு எங்கன கேட்டீரு?”

 திருப்பதிதான் கதவைத் திறந்து ரேடியோவைப் பெரிதாக வைத்தான்.

1-11-1993, திங்கள்

டேப் மாட்டும் ஆள் வந்தான். திருப்பதி வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டான்.  

பகலில் நிலையத்துக்கு இன்னொரு கார்டு. ‘ஐயா, நீங்கள் வழியே இல்லை என்று சொன்னதை ஏரியல் இல்லாத காரில் கேட்டேன். உங்கள் பொறியாளரைக் கோவில்பட்டிக்கு வரச் சொல்லவும். காட்டுகிறேன்.’

சுதாராணி, “கொஞ்சம் மரியாதையா எழுதலாமே தாத்தா” என்றது. ஐயா என்று போட்டிருக்கிறேனே, போதாதா?

7-11-1993, ஞாயிறு

காலையில் தூங்கி எழுந்து வந்தபோது வாசலில் நந்தகோபாலின் கார் நின்றது. அவன் செம்புக் கம்பிச் சுருளைக் கையில் பிடித்தபடி வெளியே நின்றான். காருக்குள்ளேயிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பதியின் கால்.

“யப்பா,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “எங்கன சுரண்டணும்?”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.