கையெழுத்துப் போடாத சுற்றறிக்கை

ஜூன் 24, செவ்வாய்

காலையிலிருந்து பதினோரு டி.சி. எழுதியதில் விரல் மரத்துவிட்டது. ஒன்றேகாலுக்கு வழக்கம்போல பள்ளி ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கேரம் திறந்தேன். பலகை வரவில்லை, ஓர் அறிவிப்பு வந்தது. விதிமுறைகள் மாறுகின்றனவாம். ஜூலை ஒன்றிலிருந்து ஆடுகிறவரின் சொந்தப் பெயர் எதிரில் ஆடுகிறவருக்குத் தெரியுமாம். கீழே இரண்டு பொத்தான். ‘ஏற்கிறேன்’, ‘பிறகு’. ‘பிறகு’வை அழுத்தினேன்.

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கேரம் ஆட்டத்துக்கு இப்படிப் பயப்படுவேன் என்று யாரிடம் சொல்வது? இங்கேயாவது எழுதி வைக்கிறேன். என்னோடு ஆடும் ‘கிண்டி கிங்’ என் தம்பி ஆஸ்டின். ஆறு வருஷமாக என்னோடு பேசாதவன். பத்து மாதமாக, ஞாயிறு தவிர, அவன் பட்டறை சாப்பாட்டு நேரத்தில் தினமும் என்னோடு ஆடுகிறான். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு நான் ‘சுலோச்சனா’. எங்கள் கணக்கு டீச்சரின் பெயர். அவசரத்துக்கு அதுதான் வாயில் வந்தது.

ஜூன் 25, புதன்

விதிமுறை முழுவதையும் படிக்க உட்கார்ந்தேன். இருபத்தேழு பக்கம். முப்பது வருஷமாகக் கல்வித் துறை அனுப்பும் சுற்றறிக்கைகளைப் படித்து ஹெச்.எம்.முக்கே விளக்குகிறவள் நான். இதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓரிடத்தில் ‘பயனர் விரும்பினால்’ என்கிறான். நாலு பக்கம் தள்ளி ‘பயனரின் விருப்பம் எதுவாயினும்’ என்கிறான். எதை நம்புவது?

வயதுச் சான்றுக்கு ஆதார் கொடுத்தது நினைவுக்கு வந்தது. ஜொவிட்டா மேரி. முழுப் பெயரும் அவர்களிடம் இருக்கிறது. இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

சிவப்புக் காயை நான் எடுத்தேன். ‘நல்ல அடி மாமி’ என்று எழுதினான். சந்தோஷப்பட முடியவில்லை.

ஜூன் 28, சனி

சான்ட்ரா வந்திருந்தாள். ஆஸ்டினின் மகள். அடையாறில் காலேஜ் முடிந்ததும் அவள் அப்பாவுக்குத் தெரியாமல் அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். அப்பாவின் ஆட்டப் பெயரைச் சொல்லி இந்த ஆட்டத்தை என் போனில் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். அறிவிப்பைக் காட்டினேன். அவள் முகமே மாறிவிட்டது.

“அப்பா எது வேணா தாங்குவாரு அத்தை. ஏமாத்திட்டாங்கன்னா தாங்க மாட்டாரு. நீங்களே சொல்லிடுங்க.”

எப்படிச் சொல்வது? நான்தான் உன் அக்கா, பத்து மாதமாக வேறு பெயரில் உன்னோடு ஆடிக்கொண்டிருக்கிறேன் என்றா? ஏற்கெனவே ஒரு முறை அவனை ஏமாற்றியவள் நான். அம்மா இறந்த அன்று அவன் மஸ்கட்டில் விமானம் ஏறிவிட்டான். ஃபாதர் காலையில் அடக்கம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். மழை வருகிறது, இன்றே முடித்துவிடலாம் என்று சொன்னது நான். மழை வரவே இல்லை. மூன்று ராத்திரி கண் மூடாமல் இருந்தேன், எல்லாம் முடிந்தால் போதும் என்று இருந்தது. வேறு காரணம் கிடையாது. அடக்கம் முடிந்த பிறகு, மாலை ஆறு மணிக்கு சூட்கேஸோடு வந்து நின்றான். “ஒரு ராத்திரி வெச்சிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?” அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பிறகு ஊரோடு திரும்பி வந்து ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் சேர்ந்தான். நான் இருக்கும் சாந்தோமுக்கும் அவன் வீட்டுக்கும் முக்கால் மணி நேரம். ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை.

இந்த அரை மணி நேரமும் போய்விட்டால் எனக்கு என்று யார் இருக்கிறார்கள்?

ஜூன் 29, ஞாயிறு

பூசையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை.

ஜூன் 30, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. ஏன் முதலிலேயே தோன்றவில்லை!

பள்ளியில் சுற்றறிக்கை நோட்டு ஒவ்வொரு மேஜையாகப் போகும். படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது அவரைக் கட்டுப்படுத்தும். போடாதவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. சுலோச்சனா டீச்சரே தேர்வுப் பணி சுற்றறிக்கையில் ஒரு வாரம் கையெழுத்துப் போடாமல் தப்பித்திருக்கிறார். நான் ‘ஏற்கிறேன்’ அழுத்தவில்லை. அழுத்தவும் போவதில்லை. அப்புறம் என் பெயரை எப்படிக் காட்டுவார்கள்?

இருந்தாலும் படுக்கும் முன் இரண்டு முறை போனைத் திறந்து பார்த்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

அறிவிப்பே வரவில்லை. என் திரையில் ‘சுலோச்சனா’ என்றுதான் இருக்கிறது. அவன் ‘ஏற்கிறேன்’ அழுத்தியிருப்பான், ‘ஆஸ்டின்’ என்ற பெயரிலேயே வந்தான், ஆடினான், ஜெயித்தான். ஒன்றும் எழுதவில்லை. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

ஜூலை 4, வெள்ளி

தோற்றேன். நன்றாகத் தூங்குகிறேன்.

ஜூலை 7, திங்கள்

வரவில்லை. ஒன்றே முக்கால் வரை பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லையா? தெரிந்துவிட்டதா? சான்ட்ராவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வந்துவிட்டான். அப்பாடா. குழி வாசலில் நின்ற காயைத் தவறவிட்டான். இப்படி ஆடுகிறவன் இல்லையே.

ஜூலை 10, வியாழன்

ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் டீச்சர் தாரணி டி.ஏ. பில்லுக்காக வந்தாள். பேச்சுவாக்கில் அந்த விதிமுறையைக் காட்டினேன். இருபத்தேழு பக்கத்தையும் விரலால் தள்ளி ஒரே வரியில் நின்றாள்.

“மேடம், ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் ஒரு ஆட்டம் ஆடினாலே ஒத்துக்கிட்டதா அர்த்தம். பட்டனே தேவையில்ல.”

என் திரையில் பழைய பெயர்தானே இருக்கிறது என்றேன். அது எனக்கு மட்டும் தெரிவதாம். தன் போனில் அந்த ஆட்டத்தை இறக்கி என்னைத் தேடிக் காட்டினாள். ஜொவிட்டா மேரி. முழுசா.

ஐயோ. அவனுக்குத் தெரியும். ஒண்ணாந் தேதியிலேர்ந்தே தெரியும். எட்டு ஆட்டம் ஆடியிருக்கான், என் பேரைப் பார்த்துக்கிட்டே. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட மாமின்னு எழுதல, அதையும் நான் கவனிக்கல. எதுக்கு வந்தான்? கோபத்தை சேர்த்து வைக்கிறானா? நாளைக்கு மொத்தமாகக் கொட்டப் போறானா — போகாம இருந்துடலாமா? நான் போகலன்னா அன்னைக்கு மாதிரி மறுபடியும் நான்தான் அவசரமா மூடினவளா ஆயிடுவேன்.

ஜூலை 11, வெள்ளி

மூன்று நிமிடம் முன்னாலேயே திறந்தேன். அவன் ஏற்கெனவே இருந்தான். முதல் அடி என்னுடையது. அடிக்கவில்லை. ‘ஆஸ்டின்’ என்று எழுதி அழித்தேன். மறுபடி எழுதி அனுப்பிவிட்டேன்.

என் நேரம் தீர்ந்து முறை அவனுக்குப் போனது. அவனும் அடிக்கவில்லை. அப்புறம் எழுத்து வந்தது.

‘அக்கா, அம்மா கடைசியா இன்னா சாப்ட்டாங்க?’

மழையைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். இதற்கு வைத்திருக்கவில்லை.

‘அரை டம்ளர் கஞ்சி. நான்தான் ஊட்டினேன். உப்பு பத்தலன்னாங்க.’

‘அப்புறம்?’

சொல்ல ஆரம்பித்தேன். ஒன்றே முக்காலுக்கு மணி அடித்தது. தாரணி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பலகையில் ஒரு காயும் நகரவில்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.