மூன்று இழுப்பு

மார்ச் 4

வாத்தியாரோடு என்னை ஜோடி சேர்த்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரில் எனக்கு வாய்த்தது இவன்தானா? பள்ளிக்கூட வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் வகுப்பெடுக்கிறான். நான் பூட்ஸ் கட்டினால் தப்பு, துப்பாக்கி துடைத்தால் தப்பு, மூச்சு விட்டால் தப்பு. தேறினால் எல்லையில் சண்டைக்கும் இவனோடுதான் போக வேண்டும்.

மார்ச் 9

முதுகில் மூட்டையோடு இருபது கிலோமீட்டர் ஓட்டம். கடைசி மேட்டில் நின்றுவிட்டேன். ஜோடியில் ஒருவன் நின்றால் இருவருக்கும் தண்டனை. சேற்றில் தண்டால் எடுத்துக்கொண்டே வாத்தியார் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "சார், இவனை வீட்டுக்கு அனுப்பிடுங்க. அங்க வந்து என் உயிரை வாங்குவான்."

எல்லாரும் சிரித்தார்கள். எங்களுக்குப் பயிற்சி தருபவரும் சிரித்தார். மண்டையில் அடித்தாற்போல் பேசுவதால் அவருக்குச் சுத்தியல் என்று பெயர்.

மார்ச் 10

அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 13

அக்காவுக்குப் போன். "யார்கிட்டயும் சண்டை போடாம இருடா" என்றாள். அதற்குத்தானே வந்திருக்கிறேன்! தேறாமல் திரும்பினால் மாமா "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். அதைக் கேட்பதற்கு இங்கேயே செத்துப்போகலாம்.

மார்ச் 17

கோபுரத்திலிருந்து கயிற்றில் இறங்கும் பயிற்சி. இடுப்பு முடிச்சை அவரவரே போட வேண்டும். ஜோடி அதை மூன்று முறை இழுத்துப் பார்த்து, ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டுவான். தட்டு விழுந்தால் இறங்கலாம். அதன்பிறகு யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

என் முடிச்சை அவன் நொட்டை சொல்லிக்கொண்டே மூன்று முறை இழுத்தான். அவனுடையதை நான் இழுக்கவில்லை. அவன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு தட்டினேன். வாத்தியார் போட்ட முடிச்சில் என்ன தப்பு இருந்துவிடப் போகிறது?

இருந்தது. பாதி உயரத்தில் அவிழ்ந்துவிட்டது.

அவன் விழுந்த சத்தம் — வேணும்னே செய்தேனா? இல்லை. இல்லைதானே?

மார்ச் 18

"இழுத்துப் பார்த்தியா?" என்றார் சுத்தியல்.

"மூணு தடவை சார்."

மார்ச் 20

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கிறது. இனி ஓட முடியாதாம். நான் இழுத்துப் பார்த்ததாக அவனும் சுத்தியலிடம் சொல்லியிருக்கிறான். ஏன் என்று கேட்டேன்.

"உண்மையைச் சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ தப்பிச்சிடுவ. போடா, சண்டைக்குப் போ. நம்ம பசங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிட்டேன்."

பாவி.

ஏப்ரல் 6

தேறிவிட்டேன். அக்கா போனில் அழுதாள். மாமாகூட வாழ்த்தினார். நாளை மறுநாள் எல்லைக்குப் புறப்படுகிறோம்.

இன்று கடைசிக் கயிறு இறக்கம். எனக்குப் புது ஜோடி எங்களில் ஒருவன், முன்னாள் சமையல்காரன். அவனுடைய ஜோடி காய்ச்சலில் விழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். சமையல்காரன் முடிச்சை மூன்று முறை இழுத்தேன். மனசு கேட்காமல் நான்காவது முறையும் இழுத்தேன். பிறகு அவன் என் பக்கம் வந்தான்.

வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் கயிறு அசையவே இல்லை. ஹெல்மெட்டில் தட்டு மட்டும் விழுந்தது.

குனிந்து என் முடிச்சை நானே இழுத்துப் பார்த்தேன். "என்னடா அங்க தாமதம்?" என்று கீழிருந்து சுத்தியல் கத்தினார். வரிசையில் நின்ற எட்டுப் பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.