கதவு இலக்கம் 23/4

செப்டெம்பர் 30, 2024

என் அண்ணன் விஜிதரனின் வேலையைத் தின்றது தேயிலைத் தோட்டத்து ஆபீஸ். வங்கி நேர்முகத் தேர்வுக்கு வந்த கடிதம் அங்கே மேசை லாச்சிக்குள் பத்தொன்பது நாள் கிடந்தது. கைக்கு வந்தபோது தேர்வே முடிந்திருந்தது. இப்போது கொழும்பில், புறக்கோட்டைக் கடைகளில் மூட்டை தூக்குகிறான்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எந்தக் கதவுக்கும் இலக்கம் கிடையாது. எல்லார் கடிதமும் ஆபீசுக்குத்தான் போகும். கிளாக்கர் நினைத்தால் கொடுப்பார். கேட்கப் போனேன், சிரித்தார். "லயத்துக்கு எதுக்கும்மா நம்பரு?"

நாங்க என்ன, பட்டியில அடைச்ச மாடா?

ஒக்டோபர் 9

பாராளுமன்றத் தேர்தலில் நிற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பட்டியலை நிரப்பக் கட்சிக்கு ஒரு பெண் பெயர் வேண்டியிருந்தது. தெரிந்துதான் போட்டேன்.

தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கம் வழிமறித்தார். "ஏம்மா பூரணி, டியூசன் சொல்லிக் குடுக்கிறது போதாதா?"

"போதலைங்க தலைவரே."

நவம்பர் 5

வாக்காளர் அட்டைகளும் அதே லாச்சியில்! தலைவரின் ஆட்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். மற்றவர்கள், அட்டை வரவில்லை என்றால் ஓட்டே இல்லை என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டு நல்லமுத்து அக்கா இரண்டு தேர்தலை இப்படியே விட்டிருக்கிறார்.

கத்திவிட்டேன். "ஐயோ அக்கா, அது இல்லாட்டி பரவாயில்ல. அடையாள அட்டை இருந்தா போதும்!"

"அடிப்பாவி, இத ஒருத்தரும் சொல்லலையே."

சொன்னா யாருக்கு நட்டம்?

நவம்பர் 11

பிரசாரம் முடிந்தது. லயம் லயமாக அந்த ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். தொண்டை போச்சு.

நவம்பர் 14

வாக்குச்சாவடிக்கு வெளியே தலைவரின் ஆள் நல்லமுத்து அக்காவை மறித்தான். "அட்டை எங்க?"

அக்கா ரவிக்கைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்தார். "இந்தா, எம் மூஞ்சி. நல்லா பாத்துக்க." உள்ளே அதிகாரி அதைப் பார்த்துவிட்டு வாக்குச்சீட்டைக் கொடுத்தாராம். பின்னாலேயே வரிசை நகர்ந்தது. வெளியே வந்து மையிட்ட விரலை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார். வரிசை முழுக்கச் சிரிப்பு.

நவம்பர் 15

வென்றுவிட்டேன்! கட்சிக்கு மூன்று இடம், வேட்பாளருக்கென்று தனியாக விழும் விருப்பு வாக்கில் நான் மூன்றாவது. பட்டியலை நிரப்பப் போட்ட பெயர்!

நுவரெலியாவில் வாக்கு எண்ணிய இடத்திலிருந்து வீடு வரப் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் பூமாலையோடு முத்துலிங்கம். "நம்ம புள்ள ஜெயிக்கும்னு அப்பவே சொன்னேன்ல?"

அம்மா கேட்டாள்: "மாலை இருக்கட்டுங்க. எங்க ஓட்டு அட்டைய கொண்டாந்தீங்களா?"

டிசம்பர் 17

சபையில் முதல் பேச்சு. அண்ணனின் கடித உறையைத் தூக்கிப் பிடித்தேன். முத்திரையில் ஒரு தேதி, கைக்கு வந்தது ஒரு தேதி. கதவுக்குக் கதவு இலக்கம் கொடுக்கும் வேலையை எங்கள் தோட்டத்திலேயே தொடங்கலாம் என்று அமைச்சர் எழுந்து சொன்னார்.

மார்ச் 3, 2025

எங்கள் கதவு 23/4. பெயின்ட் காயுமுன் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டாள். நாலு கொஞ்சம் இழுபட்டுப் போனது. பரவாயில்லை.

மார்ச் 19

தபால்காரர் முதல் தடவையாக எங்கள் படி ஏறினார். அண்ணனின் கடிதம். உள்ளே ஒரே வார்த்தை: "வந்துச்சா?"

அம்மா அழுதாள். சரி, நானும்தான்.

மே 2

தோட்ட நிர்வாகத்துக்கு நான் எழுதி இன்றோடு நாற்பது நாள். கேட்டது இரண்டுதான். கடிதத்தை முடக்கியவர் யார்? விஜிதரனிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பதில் முகவரியைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்: 23/4.

தபால்காரர் இன்றும் வந்தார். கரண்ட் பில் மட்டும்.

கிளாக்கர் ஐயா, இப்போது எங்களுக்கு நம்பர் இருக்கிறது. பதில் எங்கே?