காலி வாளி

2020 மே, செவ்வாய். பெரியகுளம்.

ஊரடங்கு தொடங்கியதிலிருந்து காய்கறித் தோலையெல்லாம் மண்தொட்டியில் போட்டு உரமாக்குகிறேன். வீட்டிலிருந்து குப்பையே வெளியே போவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காலையில் குப்பை வண்டியோடு வரும் பேச்சியம்மாள் என் காலி வாளியைப் பார்த்துச் சிரித்தார். "ஏண்ணே, சாப்பிடுறீகளா இல்லையா? குப்பை இல்லாத வீட்டுல நிக்க வேணாம்னு துப்புரவு மேஸ்திரி சொல்லிட்டாக. நாளையிலருந்து வண்டி இங்கன நிக்காது."

"சரிம்மா" என்றேன்.

நான் பத்திரிகை நிருபர்; இப்போது செய்தியைக்கூட போனில் கேட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு மாதமாக என்னிடம் நேரில் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மாம்பழம் தின்றேன். தோலும் கொட்டையும் தொட்டிக்குப் போகவில்லை. வாளியில் போட்டு, நாளை வண்டியோடு வருபவர் கண்ணில் படும்படி வாசலில் வைத்திருக்கிறேன்.