கழற்றிய தடுப்புக் குழாய்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். உங்கள் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி உங்கள் அக்கா வீட்டு விலாசத்தை வாங்கினேன். திட்டுவதற்காக எழுதவில்லை. பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

நானும் பாப்பாவும் இருக்கிறோம். அவள் மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாள். ஒட்டடைக்குச்சி மாமா ஏன் வரவில்லை என்று கேட்கிறாள். உங்கள் உயரத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்த உங்கள் அண்ணன் போய்விட்டார். பெயரை மட்டும் இவள் விடமாட்டேன் என்கிறாள். எங்கள் குளியலறைச் சுவரை அவர் பாதிதான் பூசியிருந்தார். ஊரெல்லாம் பூசுகிற கொத்தனார் வீட்டுச் சுவர் இந்த லட்சணம் என்று நான் நச்சரித்துக்கொண்டே இருப்பேன். மீதியை வேறு ஆளை வைத்து முடித்துத் தருவதாக மேஸ்திரி சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

நீங்கள் ஊரை விட்டுப் போன பிறகு கான்ட்ராக்டர் வந்தார். "சாரம் கட்டினவன் ஒழுங்கா முடுக்கல. அதான் ஓடிட்டான்" என்றார். எதை நம்புவது என்று எனக்குப் புரியவில்லை. நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மனம் வெந்து போயிருக்கிறீர்கள் என்று இப்போது தோன்றுகிறது. அது உண்மை இல்லை, தம்பி.

உங்கள் அண்ணனுக்குக் கலவை சுமந்த சித்தாள் அக்கா வீடு தேடி வந்து சொன்னார். அவர் விழுந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் நீங்கள் இறங்கிப் போன பிறகு ஜன்னல் சட்டங்களை மேலே ஏற்றினார்களாம். ஆள் விழாமல் இருக்கச் சாரத்தின் ஓரத்தில் நீங்கள் மாட்டியிருந்த தடுப்புக் குழாய் குறுக்கே நின்றதால் சட்டம் உள்ளே நுழையவில்லை. "கழட்டுங்கப்பா, காலையில மாட்டிக்கலாம்" என்று சொன்னது சூப்பர்வைசர். காலையில் யாருமே மாட்டவில்லை. நீங்கள் அப்போது கட்டடத்தின் பின்பக்கம் சாரம் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடுப்பில் கட்டுகிற பாதுகாப்பு பெல்ட் எங்கே என்று கேட்டேன். இருந்த இரண்டும் பெயின்டர்கள் இடுப்பில் இருந்தனவாம். உங்கள் அண்ணன் சுவரைத் தேய்த்து முடித்துவிட்டு, மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வழக்கம்போல ஓரடி பின்னால் வைத்தாராம். நீங்கள் கட்டிய சாரம் அசையவே இல்லை. பலகையும் நழுவவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய குழாய்தான் இல்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், கான்ட்ராக்டரை எதிரில் வைத்துக்கொண்டே அக்கா இதைச் சொல்லியிருக்கிறார். மறுநாளே அவருக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "போனா போகுது. வாயை மூடிக்கிட்டிருந்தா சோறு தொண்டையில இறங்கல, தாயி" என்றார். அதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் மேலே ஏற மாட்டோம் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். இப்போது எல்லா மாடியிலும் தடுப்பு மாட்டி, கீழே வலையும் கட்டியிருக்கிறார்களாம். கேட்டதும் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடக்க முடியாமல் அழுகைதான் வந்தது.

அக்கா பொய் சொல்கிறார் என்று கான்ட்ராக்டர் அடித்துப் பேசுகிறார். குழாயை மாட்டி முடுக்கியது நான்தான் என்று நீங்கள் வந்து சொன்னால், அந்த அக்கா தனியாக நிற்க வேண்டியதில்லை. அதிகாரியும் உங்களைத்தான் தேடுகிறார். பிடித்துப் போக இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள.

இன்னொன்றும் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உங்கள் அண்ணனுக்கு நினைவு இல்லை. நான் கூப்பிட்டது அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது. வண்டியில் நீங்கள் அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டு வந்தீர்கள் என்றும், வழி முழுக்க அவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார் என்றும் டிரைவர் சொன்னார். என்ன பேசினார் என்று டிரைவருக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். தண்ணீர் கேட்டிருக்கலாம். வலிக்கிறது என்று முனகியிருக்கலாம். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதை எனக்குச் சொல்ல உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அறைக்குள் தனியாக அடைந்து கிடந்து உங்கள் அக்காவைப் பயமுறுத்தாதீர்கள். நீங்கள் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வாங்க தம்பி. பேச வராவிட்டால் சும்மா வந்து உட்காருங்கள். நான் காத்திருக்கிறேன்.

உங்கள் அண்ணி