முடிவைப் பார்க்காமல் எழுந்தவர்கள்

ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.)
17-3-1996, ஞாயிறு

அன்பு மகள் டெய்சிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நானும் அம்மாவும் சுகம், சென்னை வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி படி ஏறினால்தான் வருகிறதாம், நம் சுரங்க லைன் வீட்டில் படியே இல்லாததால் கவலை இல்லை. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், பேத்தமங்களா ஏரியிலேயே இல்லாதபோது குழாயைத் திட்டி என்ன பயன். விஷயத்துக்கு வர வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் தண்ணீரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சினிமாவுக்குக் கதை எழுதுகிறவள் சினிமா உலகத்தில் நடப்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், பத்திரிகையில் தயாரிப்பாளர் சொன்னதைத்தான் போடுகிறார்கள், ஆபீசில் இருப்பவர்களோ பி சென்டர் சி சென்டர் என்று சின்ன ஊர்களைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறார்களே தவிர ஒரு ஊரையும் போய்ப் பார்த்ததில்லை, அதனால் ராபர்ட்சன்பேட்டை தியேட்டரில் நம் ஜனங்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே எழுந்து போகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். நானும் பெரிய மனுஷன் மாதிரி எழுதி அனுப்பினேன். டெய்சி, ஒரு படத்துக்குக்கூட நான் உள்ளே போகவில்லை. சினிமாவே பாவம் என்கிற நம் சபையில் காணிக்கைப் பை பிடிக்கிற டீக்கன் டிக்கெட் வரிசையில் நிற்பதை நாலு பேர் பார்த்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? எதிரே தசரதன் சைக்கிள் கடையில் உட்கார்ந்து, காலைக் காட்சி விட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எழுதிவிடுவேன். படம் முடிவதற்கு முன்பே ஆண்கள் கும்பலாக வெளியே வந்து சைக்கிளில் பறப்பார்கள். அப்போது அங்கே போட்டிருந்த இரண்டு படமும் அழுகைப் படம். சோக முடிவு நம் ஊரில் எடுபடாது என்று ஜட்ஜ் மாதிரி தீர்ப்பு எழுதிவிட்டேன்.

உன் கதையில் மகனுக்காகச் சுரங்கத்தின் ஷாஃப்ட் வாசலில் காத்து நிற்கிறாள் ஒரு தாய், ஷிப்ட் முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வருகிறது, அதில் அவன் இல்லை. அப்பாவே எழுதிவிட்டதால் அதை மாற்றி, மகனை உயிரோடு கொண்டுவந்து கல்யாணமும் செய்து வைத்துவிட்டேன், 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் காத்துக் கிடந்து கிடைத்த வாய்ப்பு உனக்கு. ஒரு தரமாவது உள்ளே போய்ப் பார்ப்போம் என்று வியாழக்கிழமை காலைக் காட்சிக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டில் ஜெயகரன், உன்னோடு படித்தவன், இப்போது அவனும் சுரங்கத்தில்தான். படத்தில் தகப்பன் சாகக் கிடக்கிறான், இவன் தேம்பித் தேம்பி அழுகிறான். அப்படி அழுதவன் திடீரென்று டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். இன்னாப்பா, படம் பிடிக்கலையா என்று கேட்டேன். பிடிக்காம இன்னா மாமா, மத்தியானம் செகண்ட் ஷிப்ட்டு, கேஜ் நமக்கோசரம் நிக்குமா, முடிவு இன்னான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க என்று சொல்லிவிட்டு ஓடினான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆயுசெல்லாம் அதே செகண்ட் ஷிப்டுக்கு ஓடியவன் நான். அவர்கள் கையில் இருந்த டிபன் கேரியரைச் சைக்கிள் கடையிலிருந்து பார்க்கத்தான் செய்தேன், புத்தியில் ஏறவில்லை. கண்ணால் காண்பதும் பொய் என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன், சொன்ன வாய்க்கு வெட்கம் வேண்டாமா? ஷிப்ட் இல்லாத ஜனம் ஒன்றுகூட அசையவில்லை, விளக்கு போட்ட பிறகும் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால், பாவம் பண்றதுதான் பண்ணீங்க, மொதல்லயே டிக்கெட் வாங்கிக்கினு பண்ணியிருக்கக் கூடாதா, கொழந்த பொழப்புல மண்ணு போட்டீங்களே என்று பிடித்துக்கொண்டாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து உன் ஆபீசுக்குப் போன் போட்டேன், யாரோ எடுத்து யாருங்க என்றார், டெய்சிக்குப் பொய் எழுதின அப்பா என்றா சொல்வது, வைத்துவிட்டேன்.

இன்று ஆராதனை முடிந்ததும் ஜெயகரன் சபை வாசலிலேயே வந்து, முடிவு இன்னாச்சு மாமா என்றான். பக்கத்தில் பாஸ்டர் அம்மா. கொஞ்சம் நெளிந்தேன், பிறகு சொல்ல ஆரம்பித்தேன். ஷிப்டுக்காக எழுந்து போன இன்னும் ஏழெட்டு பேர் சுற்றி நின்றுகொண்டார்கள். தகப்பன் செத்துப்போனான் என்று நான் முடித்தபோது முதலில் கண்ணைத் துடைத்தது பாஸ்டர் அம்மாதான். அதனால் சொல்கிறேன், அந்தக் கல்யாணத்தை எடுத்துவிடு. அந்தத் தாய் கேஜ் எதிரிலேயே நிற்கட்டும். நம் ஜனங்கள் அவளோடு நிற்பார்கள், இது உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் சொல்வது.

பக்கத்து வீட்டு சுந்தரராஜ் நாளைக்கு ரயிலில் சென்னை வருகிறான், இதை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே. கர்த்தர் உன் வாயோடு இருந்து பேசுவார். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், உன் படம் இங்கே வரும்போது காலைக் காட்சியைக் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பிக்கச் சொல், செகண்ட் ஷிப்ட் ஆட்கள் முடிவைப் பார்த்துவிட்டுப் போகட்டும். டிக்கெட் வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன், தலையில் துண்டு இருக்காது.

இப்படிக்கு,
தலைகுனிந்து எழுதும் உன் அப்பா,
சாம்சன்